ஈயம் பூசாத உருளி

குழித்துறை
8-5-1955

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை தாணம்மாள் வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளை அவர்களும் சுகமாக இருக்கிறோம். தில்லி வெயிலில் மதினிக்கு மூக்கில் ரத்தம் வந்தது என்று எழுதியிருந்தீர்கள். இப்போது எப்படி இருக்கிறது? கொத்தமல்லி ஊறப்போட்ட தண்ணீர் குடிக்கச் சொல்லவும். அந்த ஊரில் இளநீர்க் கருக்கு வெட்டிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்!

இங்கே எண்ணெய்க் கடை பெரிதாகிவிட்டது. முன்பு செக்கிலிருந்து குடத்தில் வந்து குடத்திலேயே விற்றுப் போகும். இப்போது மார்த்தாண்டம், கருங்கல், களியக்காவிளை என்று சில்லறைக் கடைக்காரர்கள் எல்லாரும் தகர டின்னில் கேட்கிறார்கள். புது டின் கிடைப்பதில்லையாம். மலையில் உள்ள ஒரு ரப்பர் எஸ்டேட்டிலிருந்து காலி டின்கள் வண்டியில் வந்து இறங்குகின்றன. பின்முற்றத்தில் இரண்டு பெண்கள் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்க்கிறார்கள். ஒருமாதிரி நெடி. கழுவுகிற பெண்களுக்கு விரலிடுக்கில் எல்லாம் புண். உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னால், "சாம்பல் பட்டா கை பொத்தாதா பின்னே?" என்கிறார்கள்.

நீங்கள் ஆபீசில் பாத்திரங்களைப் பற்றித்தான் சட்டம் எழுதுகிறீர்கள் என்று மதினி பெருமையாக எழுதியிருந்தாள். இந்த மாதிரி டின்களுக்கு அதில் ஏதாவது உண்டா? சும்மா கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் அன்புத் தங்கை
தாணம்மாள்

•

புதுதில்லி
22-5-1955

அன்புள்ள தாணம்மாளுக்கு,

அண்ணன் கோலப்பன் ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. மதினிக்கு இப்போது குணம். நீ சொன்ன வைத்தியத்தைச் செய்துகொண்டிருக்கிறாள். மாப்பிள்ளையின் வியாபாரம் பெருகுவது அறிந்து சந்தோஷம்.

சட்டத்தை நான் எழுதவில்லை அம்மா. எழுதுகிறவர்கள் சொல்வதைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, அடுத்த மேசைக்கு அனுப்புகிறவன் நான். ஆனாலும் ஒன்று சொல்லலாம். உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வருகிற ஜூன் முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் அமலாகிறது. அதன் கீழ் விதிகள் தயாராகின்றன. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் எல்லை வரை ஒரு கடைக்காரன் எந்தப் பாத்திரத்தில் சமைக்கலாம், எதில் சமைக்கக் கூடாது என்று ஒரே விதி! துருப்பிடித்த பாத்திரம் கூடாது. எனாமல் பெயர்ந்த பாத்திரம் கூடாது. ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரம் கூடவே கூடாது. அதில் செய்த பண்டம் மனிதர் தின்னத் தகாதது என்றே கொள்ளப்படும். இந்த வரியை நானே நாலு தடவை அடித்தேன்.

பழைய டின்களைப் பற்றி நான் பார்த்தவரை தனியாகப் பேச்சில்லை. எதற்கும் அந்த டின்களில் முன்பு என்ன இருந்தது என்று மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது.

ஆசிகளுடன்
கோலப்பன்

•

குழித்துறை
12-6-1955

அன்புள்ள அண்ணனுக்கு,

தாணம்மாள் வணக்கம். இருவரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது.

உங்கள் கடிதத்தை அவர்களிடம் வாசித்துக் காட்டினேன். பித்தளை விஷயம் வந்ததும் என் கையிலிருந்து வாங்கித் தானே இரண்டு முறை வாசித்தார்கள். "பாத்தியா, ஒங்க அண்ணன் கவர்மெண்டுக்கே சட்டம் சொல்லிக் குடுக்காரு" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார்கள். கடிதம் இப்போது கல்லாப்பெட்டியில் இருக்கிறது.

நம் கடைக்கு எதிரே ஓலைச் சாய்ப்பில் வடை சுடுகிற பகவதியம்மாளைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். புருஷன் மணவாளக்குறிச்சியில் மணல் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டான். ஒரே பெண், உலகம்மை, ஒன்பது வயது. எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மடியில் போட ஒன்று இல்லாத குறையை அந்தப் பிள்ளைதான் தீர்க்கிறாள். காலையில் தலை பின்ன என்னிடம்தான் வருவாள். பின்னி முடிக்கிறதுக்குள் பத்துக் கேள்வி. "அக்கா, தில்லியிலயும் ஆறு உண்டா? அதுலயும் முதல உண்டா?"

பகவதியின் பித்தளை உருளியில் ஈயம் போய் வருஷக்கணக்காகிறது. அவர்கள் அவளைக் கூப்பிட்டு, "சட்டம் வருகு கேட்டியா, ஒன் உருளியத் தூக்கிட்டுப் போவான்" என்று கேலி செய்தார்கள். அவள் பயந்துபோய், "ஆடி அமாவாசைக்கு வாவுபலி முடியட்டும், பூசிருதேன்" என்றாள்.

மதினிக்கு என் அன்பைச் சொல்லவும்.

தாணம்மாள்

பி.கு. நம் வீட்டுச் சமையலுக்கு இப்போதும் செக்கிலிருந்து குடத்தில்தான் எண்ணெய் வருகிறது. டின்னிலிருந்து எடுக்க வேண்டாம் என்று அவர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

•

புதுதில்லி
30-6-1955

அன்புள்ள தாணம்மாளுக்கு,

ஆசீர்வாதம். நானும் மதினியும் சௌக்கியம். ஆபீசில் தலைக்கு மேல் வேலை. அதோடு இந்திப் பரீட்சை வேறு. அதனால் நாலே வரி.

டின்களில் என்ன இருந்தது என்று கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய். உலகம்மையிடம், தில்லி ஆற்றில் இப்போது முழங்கால் தண்ணீர்தான், முதலை வந்தால் அதற்கே வயிறு நனையாது என்று சொல்.

கோலப்பன்

•

குழித்துறை
2-8-1955

அண்ணனுக்கு,

தாணம்மாள் வணக்கம். உங்களுக்கும் மதினிக்கும் சுகம்தானே. இங்கே சுகம் என்று எழுத முடியவில்லை.

வாவுபலிக்கு இந்த வருஷம் சொல்ல முடியாத கூட்டம். விடிவதற்கு முன்பே ஆற்றங்கரை முழுக்கத் தலைகள். முன்னோருக்குப் பலியிட்டவர்கள் ஈரத்துணியோடு பகவதி சாய்ப்பில் வந்து நின்றார்கள். அவளுக்குக் கை ஓயவில்லை. உச்சிப்பொழுதுக்கு மேல் எண்ணெய் தீர்ந்து, மறுபடி வாங்கி ஊற்றிச் சுட்டாள். அதைத் தின்றவர்களுக்குத்தான் வந்தது. வாந்தி, பேதி, தொண்டை எரிகிறது, கால் இழுக்கிறது என்று சாயங்காலத்துக்குள் பதினைந்து இருபது பேர் சர்க்கார் ஆஸ்பத்திரித் தரையில் கிடந்தார்கள். மற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். உலகம்மை போய்விட்டாள்.

புது எண்ணெயில் போட்ட முதல் வடையும், உருளியில் உதிர்ந்த தூளும் அவள்தான் தின்றிருக்கிறாள். அம்மாவுக்கு உதவியாக நின்ற பிள்ளைக்கு வேறு என்ன கூலி. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, வயித்துக்குள்ள தீ கெடக்கு, தண்ணி ஊத்து" என்றாள். ஊற்றினேன். நிற்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் போலீஸ் பகவதியைக் கொண்டுபோனது. ஈயம் போன உருளியில் களிம்பு ஏறி விஷமாகிவிட்டது என்கிறார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தபோது அவர்கள் கல்லாப்பெட்டியைத் திறந்து உங்கள் கடிதத்தை எடுத்துக் காட்டினார்கள். இன்ஸ்பெக்டர் வாசித்துவிட்டு, "தில்லியிலேயே சொல்லியாச்சே, பொறவு என்ன" என்று உருளியைச் சாக்கில் கட்டி எடுத்துப் போனார். வேறு எதையும் எடுக்கவில்லை.

பகவதி ஒரு சொல் மறுக்கவில்லை அண்ணா. "நாந்தான் கொன்னேன். ஈயம் பூசாம எம் பிள்ளய நாந்தான் கொன்னேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினாள்.

நீங்கள் யாராவது டாக்டரிடம் கேட்டு எழுதவும். களிம்பு ஒரே ராத்திரியில் பிள்ளையைக் கொல்லுமா? உடனே எழுதவும்.

தாணம்மாள்

•

புதுதில்லி
11-8-1955

அன்புள்ள தாணம்மாளுக்கு,

கடிதம் பார்த்ததிலிருந்து மதினி சாப்பிடவில்லை. நான் என் ஆபீஸ் டாக்டர் ஒருவரிடம் உன் கடிதத்தில் உள்ளதை அப்படியே சொன்னேன். அவர் சொன்னது இது: களிம்பு வாந்தி வரவைக்கும், வயிற்றைப் புரட்டும். தினமும் அதே உருளியில் சுட்டவள், தினமும் தின்ற ஊர்; அன்றைக்கு மட்டும், அதுவும் உச்சிக்கு மேல் தின்றவர்களுக்கு மட்டும் ஏன் வந்தது? தொண்டை எரிச்சல், கால் இழுப்பு, ஒரே ராத்திரியில் சாவு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பாஷாணம் மாதிரி இருக்கிறது என்றார். "உருளியை விடுங்கள், எண்ணெயைப் பாருங்கள். அது எதில் வந்தது?" என்று கேட்டார்.

நானும் அதையே கேட்கிறேன். அவள் இரண்டாவது தடவை எண்ணெய் யாரிடம் வாங்கினாள்? எந்த டின்? ஒளிக்காமல் எழுது. தபாலில் போட்ட கையோடு உன் பதிலை எதிர்பார்ப்பேன்.

கோலப்பன்

•

புதுதில்லி
5-9-1955

அன்புள்ள தாணம்மாளுக்கு,

ஆசீர்வாதம். பதில் இல்லை. உனக்கு உடம்புக்கு ஏதாவதா? விதிகள் இந்த மாதம் அச்சாகி வெளிவருகின்றன. உன் கடிதத்தைப் பார்த்த பிறகு, விஷ மருந்து இருந்த டின்னில் உணவுப் பொருளை ஊற்றக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று மேலதிகாரியிடம் வாயால் கேட்டுப் பார்த்தேன். "அச்சுக்குப் போன பிறகா?" என்று சிரித்தார்.

ஒரு கார்டாவது போடு.

கோலப்பன்

•

குழித்துறை
14-9-1955

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

கிருஷ்ணமணி எழுதுவது. தெய்வ கிருபையால் இங்கே யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமமும் அக்காள் க்ஷேமமும் கோருகிறேன்.

தங்கள் தங்கை அந்தச் சாவுக்குப் பிறகு மனம் தெளியாமல் இருக்கிறாள். ராத்திரி எழுந்து உட்கார்ந்து கழுவின கையையே கழுவுகிறாள். தாங்கள் எழுதின இரண்டு கடிதங்களும் என் கைக்கு வந்தன. அவளுக்குக் கொடுத்தால் இன்னும் கலங்குவாள் என்று அடுப்பில் போட்டுவிட்டேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

வியாபாரம் என்றால் ஆயிரம் டின் வரும், ஆயிரம் டின் போகும். வடைக்காரி எங்கே எல்லாம் எண்ணெய் வாங்கினாளோ யார் கண்டது? செத்தது திரும்பாது. தாங்கள் கௌரவமான சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறீர்கள். இந்தக் கடை கெட்டால் கெடுவது தங்கள் தங்கையின் வாழ்வு. பிள்ளை இல்லாதவளை ஆறு வருஷம் வைத்திருக்கிறேன். என் அம்மை வேறு பெண் பார்க்கச் சொல்லியும் நான் இதுவரை காதில் போடவில்லை. அதைத் தாங்கள் யோசிக்க வேண்டும். இனிமேல் கடை விஷயமாக அவளுக்கு எழுதாமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது.

வியாழக்கிழமை இரண்டு கட்டு நேந்திரங்காய் வறுவல் பார்சல் அனுப்பியிருக்கிறேன். நல்ல எண்ணெயில் வறுத்தது.

இப்படிக்கு
கிருஷ்ணமணி

•

புதுதில்லி
28-9-1955

அன்புள்ள தாணம்மாளுக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் சுகம். மாப்பிள்ளை விவரமாக எழுதியிருந்தார். உன் உடம்பைக் கவனித்துக்கொள். மருந்துவாழ்மலைப் பக்கத்து வைத்தியர் யாரிடமாவது கஷாயம் வாங்கிக் குடி.

விதிகள் வெளிவந்துவிட்டன. உணவுக்கு உள்ள பாத்திரத்தை வேறு எந்தக் காரியத்துக்கும் உபயோகிக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. வேறு காரியத்துக்கு இருந்த ஒன்று உணவுக்கு வந்தால் என்ன என்பதை அது வாய்திறந்து சொல்லவில்லை. எப்படியானாலும் விதி முன்னே நடந்ததைத் திரும்பிப் பார்க்காது.

மாப்பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது அம்மா. நமக்கு நிச்சயமாக என்ன தெரியும்? பகவதிக்குப் பெரிய தண்டனை வராது. வந்தாலும் கோர்ட்டு பார்த்துக்கொள்ளும். நீ அமைதியாக இரு. பெண்ணுக்குப் புகுந்த வீடுதான் கடைசிவரை. அப்பா இல்லாத வீட்டில் உனக்கு நான்தானே சொல்ல வேண்டும்.

கோலப்பன்

•

குழித்துறை
9-10-1955
(கார்டு)

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அவர்களே உடைத்து எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இதை வெளியே நின்று எழுதுகிறேன். ஆகஸ்டில் டாக்டர் ஏதோ சொன்னதாக எழுதியிருந்தீர்களாம். அவர்களே வாய்தவறிச் சொன்னார்கள். அதை மறுபடி எழுதி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, பகவதியின் வக்கீல் ராஜையன் பெயருக்கு, குழித்துறை கோர்ட்டுக்கு அனுப்பவும். விசாரணை 20-ம் தேதி. நான் சாட்சி சொல்லப் போகிறேன். நான் சொல்வது போதாது. நீங்கள் அனுப்பினால் போதும்.

தாணம்மாள்

•

புதுதில்லி
27-10-1955

அன்புள்ள தாணம்மாளுக்கு,

ஆசீர்வாதம். உன் கார்டு கிடைத்தது. டாக்டர் வாயால் சொன்னது வேறு, எழுதிக் கையெழுத்திடுவது வேறு என்று தயங்குகிறார். நானும் சர்க்கார் ஊழியன்; கோர்ட்டு விவகாரத்தில் ஆபீஸ் விஷயமாக எதையும் எழுத மேலிட அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். வர நாளாகும். 20-ம் தேதி தாண்டிவிட்டது; தீர்ப்பையாவது தள்ளிவைக்கச் சொல்ல முடியுமா?

நீ அவசரப்பட்டு எதுவும் செய்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். சுகத்துக்கு எழுதவும்.

கோலப்பன்

•

குழித்துறை
20-11-1955

கோலப்பன் அண்ணனுக்கு,

விசாரணை முடிந்து, தீர்ப்பும் வந்துவிட்டது. பகவதிக்கு ஆறு மாதம். திருவனந்தபுரம் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். நடந்ததை உங்களுக்கு ஒருதரம் முழுதாக எழுத வேண்டும் என்று தோன்றியது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வாவுபலி அன்று உச்சிக்கு மேல் பகவதி ஓடிவந்து எண்ணெய் கேட்டாள். முன்கடையில் நல்ல எண்ணெய் இருந்தது. அவர்கள் பின்முற்றத்துக்குப் போய், எஸ்டேட் டின் ஒன்றின் அடியில் கிடந்த மண்டியை அவள் தூக்குச்சட்டியில் சாய்த்தார்கள். "வெல கொறச்சு எடுத்துக்கோ. திருவிழாக் கூட்டம், எவன் ருசி பாக்கான்?" என்றார்கள். நான் பக்கத்தில் நின்றேன். "அது நெடி அடிக்கு, வேற குடுங்க" என்றேன். "ஏட்டி, நீ உள்ள போ" என்றார்கள். பகவதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கொதிச்சா எல்லாம் போயிரும் அக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அன்று சாயங்காலம், ஆஸ்பத்திரியில் ஆட்கள் கிடக்கும்போதே, முற்றத்தில் இருந்த எஸ்டேட் டின்கள் அத்தனையும் வண்டியில் ஏறின. எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. உலகம்மையை அடக்கின மூன்றாம் நாள் எஸ்டேட்டிலிருந்து ரசலையன் என்ற வேலையாள் வந்தான். அவர்கள் கடையில் இல்லை. "அம்மா, டின்னத் திருப்பித் தரணுமாம், தொர சத்தம் போடுகாரு. அது புல்லு கரிக்கிற மருந்து இருந்த டின்னாக்கும். மாடு நக்குனாலே சாவும். குழி தோண்டிப் பொதைக்கணும்னு சட்டம். எங்க மேஸ்திரி கள்ளத்தனமா வித்துப்போட்டான். ஒங்க மொதலாளிகிட்ட அப்பவே சொல்லித்தான் குடுத்தான்" என்றான்.

சொல்லித்தான் கொடுத்தான், அண்ணா. அதனால்தான் நம் வீட்டுக்குக் குடத்தில் எண்ணெய் வந்தது. இதை ஆகஸ்டுக் கடிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. டாக்டர் களிம்பென்று சொல்லிவிட்டால் அந்த வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று ஒரு மூலையில் நினைத்தேன். நீங்கள் எழுதிய பதில் எனக்கு வந்து சேரவில்லை.

கோர்ட்டில் எல்லாம் சொன்னேன். சர்க்கார் வக்கீல் மலையாளத்தில் கேட்டார், டின் எங்கே என்று. இல்லை என்றேன். மருந்தை நீ கண்டாயா என்றார். இல்லை என்றேன். ரசலையனைக் கூப்பிட்டார்கள், வேலை போய்விடும் என்று வரவில்லை. கடைசியாக உங்கள் மே மாதக் கடிதத்தை எடுத்தார்கள். நீங்கள் நாலு தடவை அடித்த வரியை மலையாளத்தில் பெயர்த்து வாசித்தார்கள். "நிங்ஙளுடெ சொந்தம் சேட்டன் எழுதியதல்லே?" என் சொந்த அண்ணன் எழுதியதுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வேன்? ராஜையன் வக்கீல் தில்லியிலிருந்து ஒரு காகிதம் வரும் என்று சொல்லி ஒரு வாரம் தவணை வாங்கினார். அந்த வாரமும் போயிற்று. நீங்கள் 27-ம் தேதி எழுதியது தீர்ப்புக்கு மறுநாள் வந்து சேர்ந்தது.

பகவதிக்கு நான் கூண்டில் நின்று சொன்னது ஒன்றும் ஏறவில்லை. இப்போதும் தன் உருளிதான் கொன்றது என்றே நினைக்கிறாள். வண்டியில் ஏற்றுமுன் நான் கிட்டே போய், "உருளி இல்ல, எண்ணெயாக்கும். எங்க வீட்டு எண்ணெயாக்கும்" என்றேன். "சும்மா இரு அக்கா. நீயும் சாவடிச்சிட்டேன்னு சொன்னா நான் ஆருகிட்ட அழுவேன்?" என்றாள்.

கோர்ட்டிலிருந்து திரும்பிய அன்றே என் பெட்டி வாசலில் இருந்தது. கல்யாணத்துக்கு அம்மா வாங்கித் தந்த பெட்டி. நான் கதவைத் தட்டவில்லை. எதிரே பகவதியின் சாய்ப்புக்குப் போய்விட்டேன். அங்கேதான் இருக்கிறேன். தை மாதம் அவர்களுக்குப் புதுக் கல்யாணம் என்று ஊரில் பேச்சு. கடைக்குப் புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள்: சர்க்கார் சட்டப்படி சுத்தமான எண்ணெய். சுகாதார இன்ஸ்பெக்டர் அங்கேதான் காப்பி குடிக்கிறார். வாரம் ஒருதரம் வண்டி மலைக்குப் போய் வருகிறது. தார்ப்பாய் மூடியிருப்பதால் என்ன வருகிறது என்று தெரியவில்லை. கடைக்கு எண்ணெய் வாங்க வருகிற பெண்கள் யாராவது சாய்ப்பில் நின்றால் நான் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். பலர், புருஷனை விட்டவள் வேறு என்ன சொல்வாள் என்று நேரே கடைக்குப் போகிறார்கள்.

பெட்டியில் அப்பாவின் பங்காக வந்த பூதப்பாண்டி வீட்டின் சாவி இருக்கிறது. அங்கே போய் இரு, மாதம் அனுப்புகிறேன் என்று நீங்கள் எழுதுவீர்கள். எழுத வேண்டாம். மனுவுக்கு அனுமதி வந்தாலும் அதை எனக்கு அனுப்ப வேண்டாம். நீங்கள் சுகமா என்று கேட்காமலே இந்தக் கடிதத்தைத் தொடங்கிவிட்டேன். இப்போது எழுத முயன்றும் வரவில்லை. மதினி சுகமாக இருக்கட்டும்.

பகவதி சித்திரையில் வெளியே வருவாள். திருவனந்தபுரத்துக்குப் போய் வாசலில் நிற்பேன். பஸ்ஸில் குழித்துறை வந்து சேர்வதற்குள் உலகம்மை பேரை எங்களில் ஒருத்தி எடுத்தாக வேண்டும். அது நானாகத்தான் இருக்க வேண்டும். எப்படி எடுப்பது என்று தெரியவில்லை.

தாணம்மாள்